இல்லத் தோட்டமும் ஊர்ப் பேருந்தும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 இவ்வவையில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டுமென்று நம் செயலாளரவர்கள் கட்டளையிட்டார்கள். யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாதலின், இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நீங்களும் அவ்வாறே எண்ணி வந்திருப்பீர்கள். ஆயின் யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் புலவர்க்குரியதன்று, வீட்டுக்குரியது. புழக்கடையில் நிற்கும் பப்பாளி மரம், அதனைப் பற்றிய ஒரு பூச்சி, நாம் நாள்தோறும் ஏறியிறங்கும் நகரப் பேருந்து ஆகிய இம்மூன்றுமே இன்றைய பேச்சின் பொருளாகும். இம்மூன்றற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அத்தொடர்பை யான் நூல்களில் கற்றேனல்லேன். என் பிழையாற் கற்றேன். அப்பிழையை உங்கள் முன் மறையாது கூறவேண்டும் என்பதே என் கருத்து.

எம் இல்லம் கோவை நகருக்கு மேற்கே, மருதமலைக்குச் செல்லும் சாலையை அடுத்த வடவள்ளிப் பகுதியில் உள்ளது. வீட்டின் பின்னே சிறியதொரு புழக்கடை. அதில் இரண்டு பப்பாளியும், ஒரு முருங்கையும், கறிவேப்பிலை, செம்பருத்தி முதலிய செடிகளும், பருவத்திற்கேற்பக் கத்தரி வெண்டைகளும் உண்டு. இத்தோட்டம் என் அன்னையாரின் ஆட்சிக்கு உட்பட்டது. என் தந்தையார் காலமான பின்னர் அவர்தம் துயரை ஆற்றியது இப்புழக்கடையே என்று கூறினும் பொருந்தும். விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, உடனே பின்கட்டுக்குச் சென்றுவிடுவார். அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு, பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்கு என்று ஒவ்வொன்றற்கும் ஒரு முறை வகுத்திருந்தார். வீட்டிலே ஒரு சொட்டு நீரும் வீணாகாது. இத்தகைய இல்லங்கள் நம்மிடையே பலவாதலின் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2010ஆம் ஆண்டில் ஒருநாள், பேரூருக்கு அப்பாலுள்ள சிற்றூரில் வாழும் என் மாமன் வீட்டிற்கு அன்னையார் சென்றிருந்தார். உறவினர் வீட்டிற்குச் சென்று வெறுங்கையோடு திரும்பும் வழக்கம் நம் பெண்டிர்க்கு இல்லையன்றோ? அங்கு மலர்ந்திருந்த அடுக்குச் செம்பருத்தியைக் கண்டு விரும்பி, அதன் கிளைகள் நான்கைந்தை ஒடித்து, ஈரத்துணி சுற்றி, மஞ்சட்பையில் வைத்து, இரண்டு பேருந்து மாறிக் கொணர்ந்தார். கிளைகளின் கணுக்களிலே வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. "வழியிலே தூசி பட்டிருக்கும் கண்ணு" என்றார். யானும் அவ்வாறே எண்ணினேன். இது முதற் பயணம்.

இரண்டு திங்கள் கழிந்தன. செம்பருத்தி வேரூன்றித் தளிர்த்தது. ஆனால் தளிரெல்லாம் சுருண்டன. கணுக்களிலே பஞ்சை ஒட்டிவைத்தாற்போல வெண்மை திரண்டது. பின்னர் அது பப்பாளிக்குப் பரவிற்று. இலையின் அடிப்புறமும், காயின் மேற்புறமும், தண்டும் மாவு பூசியவைபோல் ஆயின. இலைகள் பிசுபிசுத்தன, அப்பிசின்மேற் கரிபோன்ற பூஞ்சணம் படர்ந்தது. எறும்புகள் சாரைசாரையாக ஏறியிறங்கின. பிஞ்சுகள் உதிர்ந்தன.

எம் வேலிக்கு அப்பால் வாழ்பவர், பஞ்சாலையிலே பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர். அவர் தோட்டத்தில் நான்கு பப்பாளி மரங்கள் நன்கு காய்த்துக்கொண்டிருந்தன. அக்கனிகளை விற்றே அவர் தம் மனைவியின் மருத்துவச் செலவை ஒருவாறு ஈடுசெய்து வந்தார். ஒரு திங்களுக்குள் அந்நான்கு மரங்களும் வெண்மை பூத்தன. "எங்கள் மரம் உங்கள் வீட்டுச் செடியாலே கெட்டது" என்று அவர் மனைவியார் வேலியோரம் நின்று கூறினார். என் அன்னையார் மறுத்துரைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் குழம்பும் பொரியலும் மாறிமாறிச் சென்ற அவ்வேலியின் வழியே, அன்று முதல் ஒரு சொல்லும் செல்லாதாயிற்று. எம் செம்பருத்தியே அப்பூச்சியைக் கொணர்ந்தது என்று உறுதியாகக் கூற இயலாது. காற்றும் அதனைக் கொணரும், எறும்பும் கொணரும். ஆயினும் அத்தெருவில் அது முதற்கண் தோன்றியது எம் வீட்டிலே என்பது மெய். அம்மெய்யை யான் அப்பொழுது ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதார் செய்யும் வேலையையே செய்தேன். அஃதாவது, எப்படியாவது அப்பூச்சியை ஒரே நாளில் ஒழித்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன்.

இங்கே தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். பூச்சியைக் கொல்லும் நஞ்சை நாம் என்ன பெயரால் அழைக்கின்றோம்? 'மருந்து' என்கின்றோம். 'செடிக்கு மருந்தடித்தான்' என்கின்றோம். அதே நஞ்சை ஒருவன் உண்டு உயிர்நீத்தால், 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று அதனையும் அப்பெயராலேயே கூறுகின்றோம். பிணி தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்லை வழங்கும் இவ்வழக்கு எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை யான் அதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை. மருந்து என்னும் சொல் நெஞ்சிலே ஓர் ஆறுதலை விளைக்கின்றது. நஞ்சு என்று சொல்லி வாங்கினால் அஞ்சி வாங்குவோம், அஞ்சி வைப்போம். மருந்து என்று சொல்லி வாங்கியதனால் யானும் சிறிதும் அஞ்சாது வாங்கினேன்.

அது 2011ஆம் ஆண்டின் தொடக்கம். பள்ளி விடுமுறை நாளொன்றின் முற்பகலில் நகரத்துக் கடையொன்றிற்குச் சென்று என் குறையைக் கூறினேன். எனக்கு வேண்டியது சிற்றளவே ஆதலின், கடைக்காரர் பெரிய கலத்தினின்றும் சிறிது அளந்து, பழச்சாறு விற்கும் வெற்றுப் பாட்டில் ஒன்றில் ஊற்றித் தந்தார். அதன்மேற் பெயருமில்லை, குறிப்புமில்லை. யானும் கேட்டேனில்லை. அதனைத் துணிப்பையில் இட்டு, மேலே வீட்டிற்கு வாங்கிய காய்கறிகளையும் வைத்துக்கொண்டு, காந்திபுரத்தில் மருதமலைப் பேருந்தில் ஏறினேன்.

பேருந்தில் நிற்கவே இடமிருந்தது. நம் நாட்டுப் பேருந்துகளிலே அழகியதொரு வழக்கம் உண்டு. நிற்பவர் கைப்பையை, அமர்ந்திருப்பவர் கேளாமலே வாங்கித் தம் மடிமேல் வைத்துக்கொள்வர். ஊரும் பேரும் அறியார். அவர் பையில் இருப்பது யாதென்றும் வினவார். எழுதப்படாத இச்சட்டத்தின்படியே, சன்னலோரம் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியார் கைநீட்டி என் பையை வாங்கிக்கொண்டார். அவர் அருகே மூன்று வயதுப் பேரக்குழந்தை. வெயிலோ கடுமை. யான் வேறு பக்கம் நோக்கி நின்றேன்.

"ஆத்தா, ஜூஸு!" என்னும் குழந்தையின் குரல் கேட்டுத் திரும்பினேன். என் பாட்டில் அக்குழந்தையின் கையில் இருந்தது. இரு முழங்கால்களுக்கும் இடையே அதனை இடுக்கிக்கொண்டு, மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. என் நா எழவில்லை. மூடி சிறிது நெகிழ்ந்த அளவில் எழுந்த கடுநாற்றத்தை உணர்ந்த மூதாட்டியார், வெடுக்கென்று அதனைப் பற்றிப் பறித்துவிட்டார். ஒரு துளியும் சிந்தவில்லை. ஒரு நொடி தாழ்த்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை யான் இவ்வவையிற் சொல்லவும் அஞ்சுகின்றேன்.

நடத்துநர் ஊதலை ஊதி வண்டியை நிறுத்தினார். அவர் என்னை நாள்தோறும் காண்பவர். "ஏனுங்க வாத்தியாரே, குடிக்கிற பாட்டில்லயா இதை ஊத்திக் கொண்டாருவாங்க?" என்று மட்டும் கேட்டார். வண்டியில் இருந்தோர் அனைவரும் என்னையே நோக்கினர். அம்மூதாட்டியார் என்னைச் சினந்து பேசியிருப்பின் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவரோ குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "போகட்டும் உடுங்க. கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. அவரு வேணும்னா செஞ்சாரு?" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. வகுப்பிலே நூறு முறை அறம் உரைத்தவன், ஒரு பாட்டிலின்மேல் ஒரு சொல் எழுதி ஒட்டத் தவறினேன். குழந்தையின் கைகளைச் சாலையோரத் தேநீர்க் கடையிலே சவர்க்காரமிட்டுக் கழுவுவித்து, அவர்களை மீண்டும் ஏற்றிவிட்டு, யான் அங்கேயே நின்றுவிட்டேன். இது இரண்டாம் பயணம்.

என்னோடு இறங்கிய மற்றொருவரும் இருந்தார். அவர் உடுமலைப் பக்கத்து உழவர். மல்பெரி வளர்த்துப் பட்டுப்புழு ஓம்புபவர். பேருந்து நின்ற இடம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கு அண்மையிலாதலின், அங்கே செல்லுதற்கென்றே இறங்கியிருந்தார். என் முகவாட்டத்தைக் கண்டு அருகில் வந்து, "மாவுப்பூச்சிக்குங்களா?" என்று கேட்டார். யான் ஆமென்றேன். "எங்க மல்பெரியிலயும் அதே பூச்சிதானுங்க. ஆனா நாங்க மருந்தடிக்க முடியாதுங்க. அடிச்ச எலையைத் தின்னா எங்க புழு செத்துப்போயிடும். அதுக்குத்தானுங்க இங்க குளவி வாங்க வந்தேன்" என்றார். பூச்சியை ஒழிக்கப் பூச்சியா என்று வியந்தேன். பன்முறை அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து சென்றவன் யான். 1868ஆம் ஆண்டிலே சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தோன்றி, பின்னர்க் கோவைக்கு மாறி, 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிலையத்தின் வாயிலில் என்றும் இறங்கியதில்லை. தீர்வு இருந்த வாயிலைத் தாண்டி, நஞ்சு விற்கும் கடையைத் தேடிச் சென்றிருந்தேன்.

அன்றே தனி ஆட்டோ ஒன்றில் சென்று, அந்நஞ்சைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். பணத்தை அவர் தரவில்லை, யானும் கேட்டேனில்லை. மறுநாள் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறையாரை அணுகினேன். அங்கே அறிந்தவற்றையும், பின்னர்ப் படித்துணர்ந்தவற்றையும் தொகுத்துக் கூறுகின்றேன்.

அப்பூச்சி பப்பாளி மாவுப்பூச்சி எனப்படும். அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்க நாடுகளுமாகும். 1990களிலே கரீபியன் தீவுகளிற் பரவி, பின்னர்ப் பசிபிக் தீவுகளை அடைந்து, 2008ஆம் ஆண்டில் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளிற் காணப்பட்டது. இந்தியாவில் முதற்கண் கண்டறியப்பட்டது நம் கோவையிலேயே ஆகும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, பருத்தி, கொய்யா, கத்தரி எனப் பல செடிகளையும், சாலையோரத்துப் பார்த்தீனியக் களையையும் அது பற்றும். ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பஞ்சு போன்ற பையில் இடும். குஞ்சுகள் மிகச் சிறியன. காற்றிலும், எறும்பின் வாயிலும், நம் ஆடையிலும், ஒடித்த கிளையிலும் ஏறிப் பயணம் செய்வன. அது கழிக்கும் இனிப்பு நீரை எறும்பு விரும்பி உண்ணும். அதற்குக் கைம்மாறாக அதன் பகைவரை விரட்டும். அவ்வினிப்பு நீரின்மேலேதான் கரும்பூஞ்சணம் படர்கின்றது.

இனி, நஞ்சு ஏன் பயன்படாது என்பதைக் கேண்மின். பூச்சியின் உடல் மெழுகுப் பொடியால் மூடப்பட்டுள்ளது; தெளிக்கும் நீர் அதன்மேல் ஒட்டாது வழிந்துவிடும். பஞ்சுப்பையினுள் இருக்கும் முட்டைகளுக்கோ ஊறில்லை. ஆனால் அதனை உண்ணும் பொறிவண்டு முதலிய நண்பர்களோ அந்நஞ்சால் மடிவர். ஆகவே சில கிழமைகளில் மாவுப்பூச்சி முன்னினும் பெருகும். செடியினுள் ஊடுருவும் நஞ்சாயின் அது கனியினுள்ளும் சென்று, நம் பிள்ளைகளின் வயிற்றை அடையும். மோனோகுரோட்டபாஸ் என்னும் நஞ்சைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய அரசு 2005ஆம் ஆண்டிலேயே விலக்கிற்று. எண்டோசல்பான் என்பதை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் தடுத்தது. விலக்குதற்கு அரசும் நீதிமன்றமும் வேண்டியிருந்த பொருள்களை, ஒரு துணிப்பையில் இட்டு எடுத்துச் செல்லும் அளவிற்கு நாம் எளியனவாக எண்ணியிருந்தோம்.

நம் முன்னோர் தோட்டத்திலும் பூச்சிகள் இருந்தன. முருங்கைக் கம்பளிப்பூச்சி பகலிலே அடிமரத்தில் திரண்டிருக்கும். தீப்பந்தத்தாற் சுட்டு ஒழிப்பர். அவை இம்மண்ணுக்குரியன, அவற்றை உண்ணும் பகைவரும் இம்மண்ணிலேயே இருந்தனர். மாவுப்பூச்சியின் நிலை வேறு. பூச்சி கடல் கடந்து வந்துவிட்டது. அதன் பகைவன் உடன்வரவில்லை. ஆகவே அப்பகைவனைத் தேடிக் கொணர்தலே முறை என்று அறிஞர் துணிந்தனர். அமெரிக்க வேளாண் துறையாரின் உதவியால், போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவினின்று மூவகைச் சிறு குளவிகள் 2010ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய நிலையத்திற்குக் கொணரப்பட்டு, ஆராயப்பட்டு, பின்னர் வயல்களிலே விடப்பெற்றன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்பது சிறந்து விளங்கிற்று. குளவி என்றவுடன் கொட்டுமோ என்று அஞ்சவேண்டா. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; மனிதரைக் கொட்டாது. அது மாவுப்பூச்சியின் குஞ்சினுள்ளே முட்டையிடும். முட்டையினின்று தோன்றும் புழு அக்குஞ்சை உள்ளிருந்தே உண்டு, அதன் தோலைக் கூடாக்கி, பின்னர் அக்கூட்டைத் துளைத்து வெளிவரும். மாவுப்பூச்சி உள்ளவரை அது பெருகும்; மாவுப்பூச்சி குறைந்தாற் றானும் குறையும்.

இம்முறை நம் நாட்டிற்குப் புதியதன்று. ஒரு காலத்தில் தென்னாட்டின் தரிசுகளையும் வேலிகளையும் சப்பாத்திக்கள்ளி மூடியிருந்தது. 1926ஆம் ஆண்டில் இலங்கையினின்று கொணர்ந்த ஒருவகைச் செதிற்பூச்சி சில ஆண்டுகளில் அக்கள்ளியின் பெரும்பகுதியை அழித்தது. அச்செதிற்பூச்சியும் மாவுப்பூச்சிக்கு உறவினதே. ஓரிடத்திற் பகையாய் நிற்கும் இனம் மற்றோரிடத்தில் துணையாய் நின்றது. ஆதலின், பூச்சி என்றாலே கொல்லத்தக்கது என்னும் எண்ணம் பொருந்தாது என்க.

துறையார் எனக்கு ஒரு சிறு குப்பியில் அக்குளவிகளைத் தந்தனர். வாய்க்கு மெல்லிய துணி கட்டியிருந்தது. "எந்த நஞ்சும் தெளித்தலாகாது, அண்டை வீட்டாரும் தெளித்தலாகாது" என்று கூறி அனுப்பினர். அக்குப்பியைச் சட்டைப்பையில் வைத்து, மருதமலைப் பேருந்தில் ஏறினேன். அன்றும் அதே நடத்துநர். "இன்னைக்கு என்னங்க வாத்தியாரே?" என்றார். குப்பியை எடுத்துக் காட்டிச் செய்தியைக் கூறினேன். அவர் அதனை ஒளிக்கு நேரே தூக்கிப் பார்த்து, பின்னிருக்கையில் இருந்தவர்க்கும் காட்டி, "பத்திரமா வெச்சுக்குங்க" என்று திருப்பித் தந்தார். நோயைக் கொணர்ந்ததும் பேருந்து. நஞ்சைக் கொணர்ந்ததும் பேருந்து. தீர்வைக் கொணர்ந்ததும் அப்பேருந்தே. வண்டி அனைத்தையும் சுமக்கும். இன்னதைச் சுமக்கவேண்டும் என்று துணிபவர் ஏறுபவரே.

ஆயினும் மிக அரிய பயணம் இன்னும் எஞ்சியிருந்தது. அது என் வீட்டினின்று அண்டை வீட்டு வாயில்வரை உள்ள பத்தடிப் பயணம். அண்டை வீட்டார் நஞ்சு தெளித்தால் என் குளவிகள் மடியும். ஆகவே அவரிடம் பேசாது இயலாது. மாலையில் அன்னையாரையும் உடனழைத்துச் சென்று, "ஐயா, இப்பூச்சி எம் வீட்டுச் செம்பருத்தியில்தான் முதலில் தோன்றியது. அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பொறுத்தருள வேண்டும்" என்றேன். அம்முதியவர் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், "குளவியை எந்த மரத்துல வெக்கணுமுங்க?" என்று கேட்டார். நான்கு மரங்களுள் இரண்டு முன்னரே பட்டுவிட்டன. எஞ்சிய இரண்டனுள் ஒன்றிலும், எம் மரமொன்றிலும் குப்பியைத் திறந்து வைத்தோம். தெருவார் எழுவரிடம் சென்று, மூன்று திங்கள் யாரும் நஞ்சு தெளியாதிருக்கும்படி வேண்டினோம். அறுவர் இசைந்தனர், ஒருவர் நகைத்தார், ஆயினும் அவரும் தெளிக்கவில்லை. மூன்றாம் திங்களில் வெண்மை அருகிற்று. மழைக்காலத்தில் அம்முதியவரின் மரம் மீண்டும் காய்த்தது. முதற்கனி வேலியின் வழியே எம் வீட்டிற்கு வந்தது.

அன்பர்களே! அப்பூச்சியோடு இக்கதை முடியவில்லை. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மரவள்ளியைப் பற்றும் மற்றொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தோன்றித் தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களிலும் பரவிற்று. அதற்கும் ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டினின்று ஒரு குளவியைக் கொணர்ந்தே தீர்வு தேடினர். மனிதரின் பயணம் பெருகுந்தோறும் பூச்சியின் பயணமும் பெருகும். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் ஏற்பாடு தொடங்கிற்று. அதனால் பெண்டிர் உறவினரைக் காணவும், சந்தைக்குச் செல்லவும், பணிக்குச் செல்லவும் ஏற்பட்ட நன்மை பெரிது. அவர்தம் கைப்பைகளில் நாற்றும் கிளையும் முன்னினும் மிகுதியாகச் செல்லுதலும் இயல்பே. செல்லட்டும், ஆயின் சில நெறிகளோடு செல்லட்டும். அந்நெறிகளை வரிசையாகக் கூறி என் உரையை முடிக்கின்றேன்.

முதலாவது: பிறர் தோட்டத்தினின்று செடியோ கிளையோ பெறும்போது, இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் நன்கு பார்த்தல் வேண்டும். வெண்மையும் பிசினும் எறும்பும் காணப்படின் கொணர்தலாகாது. கொணர்ந்ததையும் இரண்டு கிழமைகள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே தோட்டத்தில் நடுதல் வேண்டும்.

இரண்டாவது: பூச்சி பற்றிய கிளையை வெட்டித் தெருவில் எறிதலாகாது; அவ்விடத்திலேயே ஆழப் புதைத்தோ எரித்தோ விடுதல் வேண்டும். தெருவில் எறிந்தது தெருவார் தோட்டத்தை அடையும்.

மூன்றாவது: சிறிதளவே பற்றியிருப்பின் நீரை விசையோடு பீய்ச்சுதலே போதும். மிகின், ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியால் வடிகட்டி, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து, மாலை வேளையில் தெளிக்கலாம். செடியின் அடியில் எறும்பு ஏறாதவாறு காத்தலும் வேண்டும்.

நான்காவது: பெயர்ச்சீட்டு இல்லாத நஞ்சை எவரிடமும் வாங்கலாகாது. உண்ணும் பருகும் பொருளுக்குரிய கலத்தில் அதனை ஒருபொழுதும் ஊற்றலாகாது. வீட்டில் வைத்தே தீரவேண்டுமாயின், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். பலர் ஏறும் பேருந்தில் அதனை எடுத்துச் செல்லவே கூடாது. மடியில் பையை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்நம்பிக்கைக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.

ஐந்தாவது: உம் வீட்டிற் பூச்சி கண்டால், அதனை நாணி மறையாது, அண்டை வீட்டார்க்கு அன்றே கூறுதல் வேண்டும். வேலி நிலத்தைப் பிரிக்கும்; பூச்சியைத் தடுக்காது. அவர்களோடு சேர்ந்து செய்யாத எம்முயற்சியும் பயன் தராது.

இன்னும் ஒன்று. இனி நம் வீடுகளில் அதனை 'மருந்து' என்று சொல்லாதிருப்போமாக. நஞ்சை நஞ்சென்றே சொல்வோம். யான் என் மாணவர்க்கு இதனை இலக்கணப் பாடத்தோடு சேர்த்தே சொல்லி வருகின்றேன். பெயர் சரியாயின் கையும் தானே எச்சரிக்கை கொள்ளும்.

என் அன்னையார் இன்றும் பேருந்தில் மாமன் வீட்டிற்குச் செல்கின்றார்; இன்றும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஆயின் கிளையை ஒடிப்பதற்குமுன், மூக்குக்கண்ணாடியை அணிந்து இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கின்றார். வீட்டிற்கு வந்ததும் அதனை நேரே தோட்டத்திற்குக் கொண்டுசெல்லாது, வாயிற்படியருகே ஒரு தொட்டியில் தனியே வைக்கின்றார். அதனைக் காணும்போதெல்லாம், அம்மூதாட்டியாரும் அவர் பேரக்குழந்தையும் என் நினைவிற்கு வருகின்றனர். அவர்களை யான் மீண்டும் கண்டதில்லை. அக்குழந்தை இன்று மேல்வகுப்புகளிற் பயிலும் பருவத்தை எய்தியிருக்கும். எங்கிருப்பினும் நலமுடன் வாழ்க.